அம்மாவை எங்கே வைத்துப் பார்ப்பது? வீட்டில் ஆள், பராமரிப்பு இல்லம், அறக்கட்டளை இல்லம், கோவை ஃபிளாட்: ஓர் ஒப்பீடு

"அம்மாவுக்கு 79 வயது. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகிவிட்டது. இரண்டு நாளில் டிஸ்சார்ஜ் என்கிறார்கள். தானாக எழுந்து பாத்ரூம் போக முடியாது. நான் பெங்களூரில், தம்பி துபாயில். நல்ல ஹோம் ஏதாவது சொல்லுங்களேன்." வயதும் ஊரும் மட்டும் மாறி இதே கேள்வி வாசகர்களிடமிருந்து வந்துகொண்டே இருக்கிறது.

நல்ல ஹோம் என்று எல்லாருக்கும் பொதுவாக ஒன்று கிடையாது. கைத்தடியோடு நடமாடும் அப்பாவுக்குச் சுகமாக அமைந்த இடம், படுத்த படுக்கையான அம்மாவுக்கு ஆபத்தாக முடியலாம். அதனால் பெயர்களுக்குப் போகும் முன், எதை வைத்து அளப்பது என்பதைப் பார்த்துவிடுவோம்.

முதலில் அளவுகோல்கள்

பெரியவரால் எதெல்லாம் முடியாது? இதை ஒரு தாளில் எழுதுங்கள். சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1963-ல் வெளியிட்ட ஆறு அம்சப் பட்டியல் இன்றைக்கும் முதியோர் மருத்துவத்தில் புழங்குகிறது: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போய் வருவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே தானாகவா, ஆள் வேண்டுமா என்று குறியுங்கள். குளிக்க மட்டும் ஆள் தேவைப்படுபவருக்கும் ஆறுக்குமே ஆள் தேவைப்படுபவருக்கும் ஒரே இடம் சரிப்படாது. கூடவே, மறதி நோய் இருக்கிறதா, கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவாரா என்பதையும் எழுதுங்கள். உடம்பு தெம்பாக இருந்து மறதி மட்டும் இருப்பவரைப் பார்த்துக்கொள்வதுதான் மிகக் கடினம். பல குடும்பங்கள் இதைச் சொல்லாமலே சேர்த்துவிட்டு, மூன்றாம் நாள் "கூட்டிக்கொண்டு போங்கள்" என்று போன் வந்ததும் தவிக்கின்றன.

இந்தக் கணக்கை நீங்களே போடத் தயக்கமாக இருந்தால் முதியோர் மருத்துவரிடம் காட்டுங்கள். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-லேயே முதியோர் மருத்துவப் பிரிவு தொடங்கிவிட்டது. நாட்டிலேயே அதுதான் முதல். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறந்திருக்கிறது.

அடுத்தது ராத்திரி. எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய அளவுகோல். பகல் பதினோரு மணிக்குப் போனால் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். விழுவது, புரையேறுவது, நனைந்த டயப்பரோடு கிடப்பது, மறதி உள்ளவர் எழுந்து நடப்பது எல்லாம் கவனிக்க ஆளில்லாமல் போவது ராத்திரி பத்துக்கும் காலை ஆறுக்கும் நடுவில். தானாகப் புரண்டு படுக்க முடியாதவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் வால் எலும்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வந்துவிடும். அதாவது ஒரு ராத்திரிக்கு நான்கு முறை யாராவது விழித்திருந்து செய்ய வேண்டும். யார் அது? எங்கே போனாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

மூன்றாவது, உடம்புக்கு முடியாமல் போனால் எந்த மருத்துவமனை, ஆம்புலன்ஸில் கூட ஏறுவது யார், வார்டில் தங்குவது யார் என்பது. நான்காவது, பணம். மாதக் கட்டணத்தைப் பார்க்காமல் மூன்று வருடக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். மெடிக்ளைம் இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம். அன்றாடப் பராமரிப்பு, அது வீட்டில் நடந்தாலும் இல்லத்தில் நடந்தாலும், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொது விலக்குப் பட்டியலிலேயே, அதாவது காப்பீடு பணம் தராதவற்றின் பட்டியலிலேயே, இருக்கிறது. 70 வயது தாண்டிய எல்லாருக்கும் 2024 அக்டோபரில் விரிவாக்கிய ஆயுஷ்மான் பாரத் 5 லட்சமும் மருத்துவமனையில் படுத்தால்தான் கிடைக்கும்.

ஐந்தாவது, சொல்லாமல் கொள்ளாமல் வாராவாரம் போய் எட்டிப் பார்க்க யார் இருக்கிறார்கள்? மகன்தான் போக வேண்டும் என்றில்லை. சித்தி மகளோ பழைய பக்கத்து வீட்டுக்காரரோ போதும். அந்த ஒருவரின் வீட்டுக்கு அரை மணி நேரத் தொலைவில் உள்ள சுமாரான இல்லம், ஐம்பது கிலோமீட்டர் தள்ளி மரம் செடியோடு இருக்கும் அழகான இல்லத்தை விட மேல்.

1. வீட்டிலேயே ஆள் வைப்பது

பெரும்பாலான அம்மாக்கள் கேட்பது இதைத்தான். பழகிய கட்டில், பழகிய சாம்பார், வாசலில் பேச்சுக்கொடுக்கும் கீரைக்காரம்மா. மறதி நோய் உள்ளவருக்கு இடம் மாறாமல் இருப்பதே பெரிய உதவி. இடம் மாறினால் குழப்பம் கூடுவது சகஜம்.

சென்னையில் ஏஜென்சி வழியாக 24 மணி நேர ஆள் என்றால் மாதம் சுமார் 25,000 முதல் 35,000 ரூபாய் வரை ஆகும். ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாய்), கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) என்று நர்சிங் வேலை இருந்தால் ஷிஃப்டுக்கு ஒரு நர்ஸ். செலவு இரண்டு மடங்கைத் தாண்டும். இது தெரிந்த செலவு. தெரியாதது, அந்த ஆளின் சாப்பாடு, ஏஜென்சியின் பதிவுக் கட்டணம், கட்டிலும் ஏர் பெட்டும் (படுக்கைப் புண்ணைத் தடுக்கும் காற்று மெத்தை) வாடகைக்கு எடுப்பது. டயப்பர் ஒன்று 40 ரூபாய், நாளைக்கு நான்கு என்று வைத்தாலே மாதம் 4,800. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆள் ஊருக்குப் போனால், மாற்று ஆள் வரும்வரை உங்களில் ஒருவர் விடுப்பு எடுத்தே ஆக வேண்டும்.

ராத்திரிக் கணக்கு இங்கேதான் இடிக்கும். 24 மணி நேர ஆள் என்று எழுதிக் கொடுத்தாலும், அவரும் மனுஷிதான், தூங்கியாக வேண்டும். அம்மா ராத்திரி ஒருமுறை எழுந்து பாத்ரூம் போவார் என்றால் ஒருவர் போதும். இரண்டு மணிக்கொருமுறை திருப்பிப் போட வேண்டும், அல்லது ராத்திரி முழுக்க எழுந்து நடப்பார் என்றால் ஒரே ஆளால் ஆகாது. இரண்டு ஷிஃப்ட் வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்தால் பராமரிப்பு இல்லமே மலிவாகத் தெரியும்.

இன்னொன்று. வீட்டில் குடும்பத்தார் யாருமே இல்லாமல், பேச்சு போன அம்மாவையும் ஏஜென்சி ஆளையும் மட்டும் விட்டுவிட்டு கேமரா வைத்துப் பார்ப்பது எனக்குச் சம்மதமில்லை. ஆள் நல்லவராகவே இருந்தாலும், தனியாக ஒரே அறையில் மாதக்கணக்கில் அடைந்து கிடந்தால் யாருக்கும் பொறுமை தேயும்.

யாருக்குச் சரி: வீட்டில் குடும்பத்தார் ஒருவராவது ராத்திரி தங்குகிறார், மேலே எழுதிய ஆறு அம்சங்களில் இரண்டு மூன்றுக்கு மட்டும் ஆள் தேவை என்றால். அரசின் உதவியையும் கேட்டுப் பெறுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை மட்டுமல்ல, படுத்த படுக்கையானவர்களுக்கு வலி நிவாரணச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். வசதியானவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

2. தனியார் பராமரிப்பு இல்லம்

புறநகரில் பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து 20, 30 கட்டில் போட்டு நடத்துபவை முதல், மருத்துவமனை போலவே கட்டியவை வரை எல்லாம் இதில் அடக்கம். சென்னை, கோவை மாதிரி ஊர்களில் இருவர் தங்கும் அறை மாதம் 30,000-க்குக் கீழே தேறுவது கஷ்டம்; டியூப், ஆக்ஸிஜன் என்றால் 50,000-ஐத் தாண்டும். டெபாசிட் தனி.

அமெரிக்காவில் நர்சிங் ஹோம்களுக்கு அரசே 2008 முதல் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை போட்டு வெளியிடுகிறது. இங்கிலாந்தில் அரசு ஆய்வாளர்கள் நான்கு தரங்களில் மதிப்பிடுகிறார்கள். இங்கே நமக்கு அப்படி எதுவும் கையில் இல்லை. கூகுளில் இருக்கும் ஐந்து நட்சத்திரங்களில் பாதி, சேர்த்த முதல் வாரத்து நிம்மதியில் போட்டவை. நேரில் போவதைத் தவிர வழியில்லை.

போகும்போது முதலில் பதிவுச் சான்றிதழ் கேளுங்கள். தமிழ்நாட்டில் முதியோர் இல்லம் மாவட்டச் சமூக நலத் துறை வழியாகப் பதிவாகியிருக்க வேண்டும். தீயணைப்புத் துறைச் சான்றும் உணவுப் பாதுகாப்புச் சான்றும் வேண்டும். இது வெறும் காகிதம் என்று நினைக்காதீர்கள். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஓர் ஆசிரமத்துக்குள் அதிகாரிகள் நுழைந்தபோது, அது உரிய பதிவில்லாமல் நடந்துவந்தது தெரிந்தது. அங்கிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை வேறு இடங்களுக்கு மாற்ற வேண்டியதாயிற்று, வழக்கு சிபிசிஐடிக்குப் போனது.

அப்புறம் ஆட்கள். "எங்களிடம் எட்டு நர்ஸ்கள்" என்பார்கள். ராத்திரி ஷிஃப்டில் எத்தனை பேர், அவர்களில் ஜிஎன்எம், ஏஎன்எம் போன்ற நர்சிங் படிப்பு படித்துப் பதிவு செய்தவர் எத்தனை பேர், பழகிக் கற்றுக்கொண்ட உதவியாளர் எத்தனை பேர் என்று பிரித்துக் கேளுங்கள். முப்பது படுக்கையாளர்களுக்கு ராத்திரி இரண்டு பேர் என்று பதில் வந்தால் கணக்கு உங்களுக்கே தெரிந்துவிடும். வெளிமாநிலத்திலிருந்து வந்த பிள்ளைகள் பல இல்லங்களில் நன்றாகவே வேலை செய்கிறார்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு "தண்ணி" என்று கேட்டால் புரிந்துகொள்ள ஒருவராவது வேண்டுமே.

திருப்பிப் படுக்க வைக்கும் அட்டை கட்டில் தலைமாட்டில் தொங்கும். அதைப் பாருங்கள். ஓர் இல்லத்தில் நான் பார்த்த அட்டையில், மாலை ஆறரை மணிக்கே மறுநாள் விடியற்காலை நான்கு மணி வரை டிக் போட்டிருந்தது. எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. அங்கே வரவேற்பறையில் மீன் தொட்டி இருந்தது, ஏசி இருந்தது, பெயர் பொறித்த பேட்ஜ் போட்ட மேனேஜர் இருந்தார்.

டீ நேரத்தில் போனால் இன்னும் நிறைய தெரியும். பக்கவாதத்தில் இடது கை விழுந்துபோன ஒருவருக்கு, இடது பக்க ஸ்டூலில் டம்ளரை வைத்துவிட்டுப் போனான் ஒரு பையன். இருபது நிமிஷம் கழித்து வந்து, ஆடை படிந்த டீயை அப்படியே எடுத்துக்கொண்டு போனான். "குடிக்கலையா தாத்தா?" என்று கேட்டான்தான், பதிலுக்கு நிற்கவில்லை. அன்றைய நோட்டில் "டீ கொடுக்கப்பட்டது" என்றுதான் எழுதியிருப்பார்கள்.

எனவே ஒருமுறை சொல்லிவிட்டுப் போங்கள், ஒருமுறை சொல்லாமல் ஞாயிறு மாலையிலோ ராத்திரிச் சாப்பாட்டு நேரத்திலோ போங்கள். உள்ளே விட மறுத்தால் அதுவே பதில். காலை ஏழு மணிக்குக் கொஞ்சம் மூத்திர நாற்றம் இருந்தால் குற்றமில்லை, டயப்பர் மாற்றும் நேரம் அது. பதினொரு மணிக்கும் இருந்தால் யோசிக்க வேண்டும். டியூப் வழியாகச் சாப்பாடு ஊற்றும்போது தலைமாட்டை 30 டிகிரிக்காவது உயர்த்தி வைக்கிறார்களா பாருங்கள். யாரையாவது துணியால் கட்டிலோடு கட்டியிருக்கிறார்களா? காலை பத்தரைக்கு வார்டே தூங்குகிறதா? அப்படியென்றால் தூக்க மாத்திரையை யார் எழுதிக் கொடுக்கிறார், வீட்டாரிடம் சொல்கிறார்களா என்று கேளுங்கள். இப்போது எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் இருக்கிறது என்பதும் நேராகக் கேட்கக்கூடிய கேள்விதான். "ஒருவருக்கும் இல்லை" என்பதை விட, "இரண்டு பேருக்கு, இருவரும் மருத்துவமனையிலிருந்து வரும்போதே இருந்தது, இப்போது ஆறி வருகிறது" என்ற பதிலை நான் நம்புவேன்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது: டயப்பர், மருந்து, பிசியோ, மருத்துவர் வருகை, முடி வெட்டுவது எல்லாம் கட்டணத்தில் அடக்கமா? வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏற்றுவார்கள்? மருத்துவமனையில் பத்து நாள் இருந்தால் அந்த நாட்களுக்கும் முழுக் கட்டணமா? டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும்? கம்பெனி நடத்தும் இல்லம் என்றால் சொன்ன தொகையில் ஜிஎஸ்டி சேர்ந்ததா? ஓய்வூதியம் வாங்குபவர் என்றால், வருடாந்திர உயிர்வாழ் சான்றுக்கு யார் உதவுவார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். இப்போது போனில் முகத்தைக் காட்டியே முடித்துவிடலாம், ஆனால் காட்ட ஒருவர் வேண்டும். ஆஸ்பத்திரியில் கூடத் தங்க ஆள் அனுப்ப மாட்டோம் என்பது பல இல்லங்களின் விதி. அந்தச் சமயத்தில் நாளுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்துத் தனி ஆளைத் தேட வேண்டியிருக்கும்.

யாருக்குச் சரி: ஆறில் நான்குக்கு மேல் ஆள் தேவைப்படுபவர், ராத்திரிப் பராமரிப்பு கட்டாயம் என்பவர். இன்னொரு பிரிவையும் பலர் யோசிப்பதில்லை. எலும்பு முறிவு, பக்கவாதத்துக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் மட்டும் தங்கி, தினசரி பிசியோவோடு நடை பழகி வீடு திரும்புவது. மேலே கேட்ட பெங்களூர் வாசகருக்கு என் பதில் இதுதான். வீட்டைக் காலி செய்யாதீர்கள், கட்டிலை விற்காதீர்கள், மூன்று மாதம் என்று அம்மாவிடம் தேதி சொல்லியே சேர்த்துவிடுங்கள்.

மறதி நோய் என்றால் அதற்கென்றே உள்ள இடத்தைப் பாருங்கள். சென்னையில் மனநல அமைப்பான ஸ்கார்ஃப் நடத்தும் டெம்கேர்ஸ் என்ற மறதி நோய்ப் பராமரிப்பு மையம் மாதிரி இடங்களில் ஆலோசனை கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது.

3. அறக்கட்டளை, மிஷன் இல்லங்கள்

சமூக சேவகி சாவித்திரி வைத்தி சென்னையில் 1978-ல் தொடங்கிய விஸ்ராந்தி போல, ஆதரவற்றோருக்காகவே நடப்பவை உண்டு. அங்கே கேட்கப் போகும்முன், நமக்குக் கொடுக்க வழியிருந்தால் அந்த இடம் வேறொருவருக்கானது என்று நினைவு வைப்பது நல்லது. குறைந்த கட்டணம் வாங்கும் அறக்கட்டளை இல்லங்கள் வேறு. பதிவு பெற்ற அறக்கட்டளை, 60 வயது தாண்டியவரிடம் மாதம் 25,000 ரூபாய் வரை வாங்கும் கட்டணத்துக்கு ஜிஎஸ்டியும் கிடையாது.

பழைய இல்லங்களில் ஒரு நன்மை, பணியாளர்கள் வருடக்கணக்கில் மாறுவதில்லை. கன்னியாஸ்திரிகள் நடத்தும் இடமென்றால் ராத்திரியும் அவர்கள் அங்கேயேதான் இருப்பார்கள். பணம் கொடுத்து வாங்க முடியாத விஷயம் அது. ஆனால் பெரும்பாலானவை நடமாடுபவரை மட்டும்தான் சேர்க்கும். படுத்துவிட்டால் வைத்துக்கொள்வீர்களா என்பதைச் சேரும் நாளிலேயே எழுத்தில் கேளுங்கள். காத்திருப்போர் பட்டியல் நீளம். சைவமா அசைவமா, பூஜை, ஜெபம் எல்லாம் இல்லத்தின் வழக்கப்படிதான். நன்கொடை என்ற பெயரில் பெரிய தொகை கேட்டால் ரசீதும், திரும்பக் கிடைக்குமா என்பதும் முக்கியம். "வீட்டை எழுதிக் கொடுங்கள், கடைசிவரை பார்த்துக்கொள்கிறோம்" என்று யார் சொன்னாலும் வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்து வேண்டாம்.

யாருக்குச் சரி: நடமாடுகிறவர், தனிமைதான் பிரச்சினை, வருமானம் குறைவு. புற்றுநோய் முற்றிய நிலை என்றால் இவை எதுவும் வேண்டாம். சென்னை ஜீவோதயா மாதிரி இலவசமாக நடக்கும் வலி நிவாரண இல்லங்களைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

4. ஓய்வுக் குடியிருப்பு

கோவையில் முதியோருக்கென்றே கட்டிய கோவைகேர், நானா நானி போன்ற குடியிருப்புகளின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். ஃபிளாட்டை வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ தங்கலாம். பொதுச் சமையல், கோயில், வளாகத்தில் நர்ஸ். 65 வயதுத் தம்பதிக்கு அருமையான ஏற்பாடு. டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு இது பதில் இல்லை. ஃபிளாட் விலை போக மாதாந்திரப் பராமரிப்பும் சாப்பாடும் தனி. உடம்பு தளர்ந்தால் உதவியாளர் கட்டணம் அதற்கு மேல். இருவரில் ஒருவர் போன பின் மற்றவர் அங்கே தனியாக இருப்பாரா, விற்றால் யாரிடம் விற்க முடியும் என்பதை வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். படுக்கையாளர்களுக்குத் தனிப் பிரிவு அதே வளாகத்தில் இருந்தால்தான் நான் பரிந்துரைப்பேன்.

| | ராத்திரி யார்? | மறைந்திருக்கும் செலவு | எப்போது நல்லது? |
|---|---|---|---|
| வீட்டில் ஆள் | ஒருவர், அவரும் தூங்குவார் | மாற்று ஆள், கட்டில் வாடகை, உங்கள் விடுப்பு | குடும்பத்தார் கூட இருந்தால் |
| தனியார் இல்லம் | ஷிஃப்ட் ஆள், எண்ணிக்கையைக் கேளுங்கள் | டயப்பர், ஜிஎஸ்டி, ஆஸ்பத்திரித் துணை | முழுப் படுக்கை. ஆபரேஷனுக்குப் பின் சில மாதம் |
| அறக்கட்டளை | அங்கேயே தங்குபவர்கள், எண்ணிக்கை குறைவு | நன்கொடை, படுத்துவிட்டால் இடமாற்றம் | நடமாடுபவர், தனிமை |
| ஓய்வுக் குடியிருப்பு | அழைத்தால் வரும் நர்ஸ் | ஃபிளாட் முதலீடு, மாதச் சந்தா | தெம்பான தம்பதி |

சேர்த்த பிறகு முதல் மாதம்

சேர்க்கும் அன்றே அவர்கள் முன்னால் எடை பாருங்கள், தோலில் புண் எதுவும் இல்லை என்றோ இருக்கிறது என்றோ பதிவேட்டில் எழுதச் சொல்லி ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் "வரும்போதே இருந்தது" என்ற பேச்சுக்கு இடம் வராது. மாத்திரைப் பட்டியலின் நகல் உங்களிடம் ஒன்று, இல்லத்தில் ஒன்று. வாராவாரம் எட்டிப் பார்க்கப் போகிறவரை எல்லா ஷிஃப்ட்காரர்களிடமும் அறிமுகம் செய்துவையுங்கள். போகும்போது போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்க்கச் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்து நலம் விசாரித்துவிட்டு வந்துவிடக் கூடாது.

ஒரே மாதத்தில் எடையில் 5 சதவீதம் குறைந்தால் மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். 60 கிலோ இருந்தவர் 57 ஆகியிருந்தால், சாப்பாடு என்ன போடுகிறீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். யார் ஊட்டுகிறார்கள், ஒருவருக்கு எத்தனை நிமிஷம் உட்காருகிறார்கள் என்று கேளுங்கள். பதில் சரியில்லை, பேசியும் மாறவில்லை என்றால் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். முதியோர் உதவி எண் 14567 இலவசம். தினமும் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை தமிழிலேயே பேசலாம்.